மிஸ்டு கால் மோட்டார்

வா பேராண்டி, இப்பிடிக் கட்டில்ல உக்காரு. லீவுக்கு வந்து நாலு நாளாச்சு. பகல் பூரா தூங்குற, ராத்திரி பூரா மொட்டை மாடியில நின்னு போனத் தடவுற. உன் பாட்டி இது கல்யாண விசயமாத்தான் இருக்கும்னு நம்பி, அந்தச் சந்தோசத்துல ரெண்டு நாளா எனக்குக் காப்பியில சீனி போட்டுக் குடுக்கா. இன்னைக்கு மத்தியானந்தான் குட்டு வெளிப்பட்டுச்சு. டெக்சாஸ்ல உன் வீட்டுக் கார் ஷெட்டுல ஒரு ரேடியோப் பெட்டியத் தனியா விட்டுட்டு வந்திருக்கியாம். அது ஒழுங்கா கடுதாசி வாங்குதா, குடுக்குதான்னு கோவில்பட்டியில இருந்து காவல் காக்கியாம். பாட்டிகிட்ட நான் மூச்சு விடல. சொன்னா சீனி போயிரும்.

எனக்கு இதுல பெருமைதான். எங்கிட்ட இருந்து உனக்கு ஒட்டுன கிறுக்குதானே. ரேடியோ ரிப்பேர் கடையில உன்ன மடியில வச்சுக்கிட்டு மோர்ஸ் தட்டுவேன். நீ அந்தக் கீயை வாயில வச்சுக் கடிப்ப. இப்ப உனக்கும் லைசென்ஸ் இருக்கு, கால் சைன் இருக்கு. ஹாம் ரேடியோக்காரங்களுக்குள்ள இருவது வயசுப் பயலையும் "ஓயெம்"னுதான் கூப்பிடணும், ஓல்டு மேன்னு அர்த்தம். அதனால ஒரு கெழவன் இன்னொரு கெழவனுக்குச் சொல்றதா வச்சுக்க. நான் சொல்றதக் கேக்குறதும் கேக்காததும் உன் இஷ்டம். உன் பெட்டிதான் எதையுமே கேக்க மாட்டேங்குது, எனக்கு அதான் வருத்தம்.

மொதல்ல நம்ம வடக்குத் தோட்டத்துக் கெணத்தப் பத்திச் சொல்றேன். உன் ரேடியோ எங்கயும் ஓடிப் போயிராது, கேளு.

அந்தக் கெணறு நாலு பங்கு. நாளு பிரிச்சு முறைத் தண்ணி. கமலை எறச்ச காலத்துல சண்டை வந்தாலும் சாயந்தரத்துக்குள்ள தீந்துரும். ஏன்னா எறைக்கிறவன் கெணத்து மேட்டுலயே நிப்பான். அடுத்தவன் வந்தா மூஞ்சிக்கு மூஞ்சி பாத்துத்தான் ஆகணும். "இன்னும் ரெண்டு பாத்தி கெடக்கு அண்ணே"ன்னா, "சரி, பாச்சிட்டு விடு"ம்பான். பொறகு கரண்டு மோட்டார் வந்துச்சு. அப்பவும் சுவிச்சுப் போட ஒரு மனுசன் வரணும். அதுக்கும் பொறகு வந்துச்சு பாரு செல்போன் ஸ்டார்ட்டர்! வீட்டுத் திண்ணையில படுத்துக்கிட்டு ஒரு மிஸ்டு கால் குடுத்தாப் போதும், மோட்டார் ஓடும். கெழக்குப் பங்காளி மொத ஆளா வாங்கி மாட்டினான்.

ஒருநா நான் கெணத்துக்குள்ள எறங்கி, ஃபுட் வால்வுல அடைஞ்ச செத்தையை எடுத்துக்கிட்டு இருக்கேன். இடுப்பளவு தண்ணி. திடீர்னு பைப்பு அதிருது. மேல "ங்ஙொய்"னு மோட்டார் எரையுது. கையில இருந்த செத்தைய வெடுக்குனு உறிஞ்சி இழுத்துருச்சு. விரல் தப்புனது உன் பாட்டி கும்பிட்ட சாமி புண்ணியம். படி ஏறி வந்து, ஈரத் துண்டோட நின்னு அவனுக்குப் போன் போட்டுக் கேட்டா, நிதானமாச் சொல்றான்: "நீங்க உள்ள இருக்கது எனக்கு எப்பிடி மாமா தெரியும்? மோட்டார் ஆன்னு எனக்கு மெசேஜ் வந்துச்சே. எல்லாம் சரியாத்தான ஓடுது?"

அவன் பக்கம் எல்லாம் சரியாத்தான் ஓடுச்சு. அவன் பொய்யும் சொல்லல, வேணும்னும் செய்யல. ஆனா கெணத்துக்குள்ள நான் இருந்தேன்ல?

இப்ப உன் பெட்டிக்கு வாரேன். கரீபியன் கடல்ல எவனோ ஒருத்தன் பாய்மரப் படகுல போறான். அங்க செல்போன் டவரும் இல்ல, தபால்காரனும் இல்ல. அவன்கிட்ட ஒரு ரேடியோ, ஒரு மோடம், ஒரு லேப்டாப். வீட்டுக்குக் கடுதாசி எழுதி உன் பெட்டியக் கூப்பிடுதான். பெட்டி டெக்சாஸ்ல இருந்து "வந்துட்டேன்"னு பதில் சொல்லி, கடுதாசிய வாங்கி இன்டர்நெட்டுல சேக்குது; அவனுக்கு வந்ததை எடுத்துக் குடுக்குது. வின்லிங்க்னு அந்த ஏற்பாட்டுக்குப் பேரு. ஜெர்மனியில ஹானாவுன்னு ஒரு ஊரு, அங்கன ஒரு கம்பெனி செய்ற பாக்டர் மோடம்தான் ரொம்ப நாளா அதுக்கு முதுகெலும்பு. அந்த மோடம் வெலைக்கு நம்ம ஊர்ல ரெண்டு கறவை மாடு வாங்கிப்பிடலாம், அது வேற விசயம். நம்ம சர்க்கார் 2013 ஜூலையில தந்தியை மூடுச்சு. மூடுன தந்தி ஆப்பீஸைத் தூக்கிக்கிட்டுப் போயி நீ கார் ஷெட்டுல வச்சிருக்க. நல்ல காரியம்தான். ஆனா அந்த ஆப்பீஸ்ல கெழவன் ஒருத்தன் மேசையில காதை வச்சுக்கிட்டு உக்காந்திருப்பான். உன் ஆப்பீஸ்ல யாரு இருக்கா? ஒரு ஃபேன் சுத்துது, அவ்வளவுதான்.

நான் பட்டதைச் சொல்றேன். ஐப்பசி மாசம், விடியக்கருக்கல். 14 மெகாஹெர்ட்ஸ்ல ஜப்பான்காரர் ஒருத்தர் மோர்ஸ்ல மாட்டினார். என் செட்டுதான் உனக்குத் தெரியுமே. ஹைதராபாத் அஷ்ஹர் ஃபர்ஹான் போட்டுக் குடுத்த பிட்எக்ஸ் சர்க்கியூட். காயில் சுத்தக் கடையில குழாய் வாஷர் வாங்கினேன், கடைக்காரன், "என்ன அண்ணாச்சி, வீட்டுல எல்லாக் குழாயும் ஒழுகுதா?"ன்னு கேட்டான். ஆறு வாட்டு. ஒரு சின்ன பல்பு எரியிற சத்து. அதுல ஜப்பான் வரைக்கும் போறதுன்னா, எறும்பு ராமேஸ்வரம் போன மாதிரி. அவர் பொறுமையா ஒவ்வொரு எழுத்தாக் கேட்டு, தன் நாயைப் பத்திச் சொல்ல ஆரம்பிச்சார். பதினாலு வயசு நாயி. போன வாரம் காணாமப் போச்சு. தேடுனாராம், ரெண்டு நாள் மழையாம். மூணாவது நாள் காலையில கதவத் தெறந்தா...

டர்ர்ர்ர்... டிக். டர்ர்ர்ர்... டிக். டர்ர்ர்ர்.

வந்துருச்சு உன்னோட சாதிப் பெட்டி ஒண்ணு. அவரு குரல் எங்கயோ அடியில நசுங்கிக் கெடந்துச்சு. நான் "கொஞ்சம் இரு"ன்னு தட்டினேன். பெட்டிக்கு அது காதுல விழுமா? அஞ்சு நிமிசம் டர்ர்ர் டிக். முடிஞ்சப்ப ஜப்பான்காரர் போயிட்டார். பேண்டும் அடைஞ்சிருச்சு. அந்த நாய்க்கு என்னாச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. சில ராத்திரி கொட்டக் கொட்ட முழிச்சுக்கிட்டு அதை நெனைப்பேன்.

அந்த டர்ர்ர் டிக்குல இருக்க சூட்சுமத்தைக் கவனிச்சியா? பாக்டர்ல ஒண்ணேகால் செகண்டுக்கு ஒரு மூட்டையா அனுப்பும். அனுப்பிட்டு அந்தப் பக்கம் "வந்து சேந்துச்சு"ன்னு ஒரு சின்ன டிக் வருதான்னு பாக்கும். வரலன்னா அதே மூட்டையத் திரும்ப அனுப்பும். நான் குறுக்க கத்துனா என்ன ஆகும்? மூட்டை கெடும். கெட்டா? மறுபடியும் அனுப்பும். நான் கத்தக் கத்த அது இன்னும் கூட நேரம் இருக்கும். மனுசன்னா ரெண்டு தடவைக்குப் பொறகு, "என்னமோ எடஞ்சல் போலிருக்கு, நாம தள்ளிப் போவோம்"னு கூச்சப்படுவான். இதுக்கு ரோசமும் கெடையாது, கூச்சமும் கெடையாது. கடன் வசூலுக்கு வந்தவன் வாசல்ல உக்காந்த மாதிரி.

"கூப்பிடுற ஆளு, எடம் காலியான்னு கேட்டுட்டுத்தான் கூப்பிடுவாரு தாத்தா"ன்னு நீ மத்தியானம் சொன்ன. சொன்னது நெசம். நீ இஞ்சினியர், உனக்குத் தெரியாததா, ஆனாலும் சொல்றேன். கொழும்பு இங்கனருந்து முந்நூத்திச் சொச்சம் கிலோமீட்டர். நம்ம ஊர்ல பாதிப்பேரு சிலோன் ரேடியோ கேட்டே வளந்தவங்க. ஆனா 14 மெகாஹெர்ட்ஸ்ல எனக்கு ஜப்பான் கேக்கும், ஃபின்லாந்து கேக்கும், கொழும்பு பெரும்பாலும் கேக்காது. அலை மேல போயி, அயனி மண்டலத்துல பட்டு, தலைக்கு மேல தாண்டித் தூரத்துல போய் விழுது. பக்கத்துல இருக்கவன் மழை மறைவுப் பிரதேசம். அன்னைக்கு அந்தப் பெட்டியக் கூப்பிட்ட படகுக்காரன் காதுக்கு நானும் கேக்கல, ஜப்பான்காரரும் கேக்கல. அவன் யோக்கியமாக் கேட்டான், காலின்னு நெனச்சான், அமுக்கினான். பெட்டிக்கு அவன் குரல் கேட்டுச்சு, பதில் சொல்லுச்சு. ஆனா பெட்டி இருந்த எடத்துல இருந்து சத்தம் என் மண்டையில நேரா எறங்குச்சு. திண்ணையில இருந்து மிஸ்டு கால் குடுத்த பங்காளியும் இப்பிடித்தான். மிஸ்டு கால் குடுக்குறவன் எடத்துல காது இருந்து பிரயோசனமில்ல பேராண்டி. மோட்டார் ரூமுல இருக்கணும்.

அதனால, உன் பெட்டி நல்லாத் தழைக்கணும்னா நான் சொல்ற யோசனையக் கேளு. மொதல்ல அதுக்கு எந்தக் காலத்துலயும் காது வச்சுராத. காது வச்சா மரியாதை வரும், மரியாதை வந்தா தொழில் படுத்துரும். அடுத்து, நல்ல அகலமா எடம் பிடி. மோர்ஸ்காரன் நூறு நூத்தம்பது ஹெர்ட்ஸுக்குள்ள ஒடுங்கிக்கிட்டு, பஸ்ஸுல கூடைக்காரி மாதிரி ஓரமா உக்காந்திருப்பான். பாக்டர் 3க்கு 2.4 கிலோஹெர்ட்ஸ் வேணும். அதாவது பதினஞ்சு இருவது கூடைக்காரிய எறக்கிவிட்டுட்டு நீ காலை நீட்டிப் படுத்துக்கலாம். யாராவது கேட்டா "அவசர காலச் சேவை"ன்னு சொல்லு. படகுக்காரன் அனுப்புறது, "அடுத்த துறைமுகத்துல நல்ல பீட்சா எங்க கெடைக்கும்"ங்கிற கடுதாசியா இருந்தாலும், சொல்றப்ப குரல் மட்டும் கொஞ்சம் கம்மிப் போகணும். கடைசியா, எவனாவது புகார் சொன்னா, "நான் அப்ப இந்தியாவுல இருந்தேன்"னு சொல்லிரு. உன்ன மாதிரி.

சிரிக்க. சிரி, சிரி.

உங்க அமெரிக்கச் சர்க்கார் இதுக்கு ஒரு வேலி போட்டுத்தான் வச்சிருக்கு, இல்லன்னு சொல்லல. ஆளில்லாத டேட்டாப் பெட்டிக்குன்னு இருவது மீட்டர்ல, அதான் இந்த 14 மெகாஹெர்ட்ஸ் பேண்டுல, ரெண்டு துண்டு: 14.0950ல இருந்து 14.0995 வரைக்கும் ஒண்ணு, 14.1005ல இருந்து 14.112 வரைக்கும் ஒண்ணு. கூட்டிப் பாரு, 16 கிலோஹெர்ட்ஸ். மொத்தப் பேண்டு 350. ஊர் மந்தையில ஒரு மூலையில ஆட்டுப் பட்டி போட்ட மாதிரி. ஆனா பட்டிக்கு ஒரு சந்தும் வச்சிருக்காங்க. 500 ஹெர்ட்ஸுக்குள்ள அடங்குற பெட்டி, தானாக் கூப்பிடாம, மனுசன் கூப்பிட்டாப் பதில் மட்டும் சொல்றதா இருந்தா, டேட்டாவுக்குன்னு விட்ட மத்த எடத்துலயும் மேயலாம். குட்டியாடு மேயட்டும், கெடாவைக் கட்டி வையின்னு அர்த்தம். நியாயமாத்தான் தெரியுது. குட்டியாடு திங்கிற செடியும் செடிதானன்னு செடி வச்சவன் சொல்றான். அதுவும் நியாயமாத்தான் தெரியுது.

அந்த ரெண்டு துண்டுக்கும் நடுவுல ஒரு கிலோஹெர்ட்ஸ் இடைவெளி விட்டிருக்காங்க பாத்தியா? அதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச எடம். 14.100. ஒலகம் பூரா 18 பீக்கன் அந்த ஒரே புள்ளியில. அத்தனையும் எந்திரம். ஒவ்வொண்ணுக்கும் பத்து செகண்டு. தன் கால் சைனை மோர்ஸ்ல சொல்லும். பொறகு ஒவ்வொரு செகண்டு நீளத்துக்கு நாலு கோடு இழுக்கும்: மொதல் கோடு 100 வாட்டு, அடுத்தது 10, அடுத்தது 1, கடைசி 0.1. பேசி முடிச்சுட்டு எறங்கிரும், அடுத்த ஊரு எந்திரிக்கும். மூணு நிமிசத்துல ஒலகத்தை ஒரு சுத்து. அந்த வரிசையில கொழும்புக்கும் ஒரு எடம் உண்டு, 4எஸ்7பி. எனக்கு அந்தப் பத்து செகண்டு மட்டும் சும்மா இரையும், நான் கேட்ட மாதிரியே தலையாட்டிக்கிடுவேன். பக்கத்து வீட்டுக்காரன் பாரு, மரியாதை.

ஏன் சொல்றேன்னா, எந்திரம்னாலே தாத்தாவுக்கு ஆகாதுன்னு நெனச்சிராத. நம்ம ஊர்க் கூட்டத்துல, ஒருத்தன் பத்து செகண்டுல பேச்சை முடிச்சு, போகப் போகக் குரலையும் தாழ்த்திக்கிட்டு உக்காந்து நீ பாத்திருக்கியா? நான் பாத்ததில்ல. அந்த வரிசையில ஒரு பயலுக்கும் காது கெடையாது. ஆனா கடிகாரம் இருக்கு, முறை இருக்கு. உன் பெட்டிக்கு முறை கெடையாது, எவன் எப்பக் கூப்பிடுவான்னும் தெரியாது. அப்ப அதுக்குக் காது வேணுமா வேண்டாமா?

வேகத்தப் பத்தி ஒரு வார்த்தை. 1980ல, உங்க ஊர்ல ரேடியோச் சட்டம் போடுற எஃப்சிசி ஒரு கணக்குப் போட்டுச்சு. இந்தப் பேண்டுகள்ல டேட்டா அனுப்புறவன் செகண்டுக்கு 300 குறிக்கு மேல மாத்தக் கூடாதுன்னு, 300 பாட். நாப்பத்திச் சொச்சம் வருசம் அதைப் பிடிச்சுக்கிட்டுச் சண்டை. அந்தத் தடையால பாக்டர் 4 அமெரிக்காவுல நொழையவே முடியல. புயல் வெள்ளம்னு வந்தா மட்டும் தற்காலிகமாத் தளர்த்தி விடுவாங்க, 2017ல போர்ட்டோ ரிக்கோவை மரியா புயல் சுருட்டுன சமயத்துல விட்ட மாதிரி. கடைசியில 2023 நவம்பர்ல 300ஐத் தூக்கிட்டாங்க. அதுக்குப் பதிலா, எவ்வளவு வேகமா வேணும்னாலும் போ, ஆனா 2.8 கிலோஹெர்ட்ஸ் அகலத்தத் தாண்டாதன்னுட்டாங்க. 2024 ஜனவரியில இருந்து நடைமுறை. கேட்டவங்க சொன்ன நியாயம் என்ன? வேகமா அனுப்பினா வெரசா முடிஞ்சிரும், எடம் காலியாயிரும். கெழக்குப் பங்காளி 5 ஹெச்பி மோட்டாரைக் கழட்டிட்டு ஏழரை மாட்டினப்பவும் இதையேதான் சொன்னான்: "வெரசா எறச்சுட்டு வெரசா நிப்பாட்டிருவேன் மாமா." எறச்சான். நிப்பாட்டல. தண்ணி மிச்சம் வந்துச்சுன்னு ரெண்டு குழி கரும்பு கூட வச்சான்.

சரி, உன்னையும் உன் பெட்டியையுமே வஞ்சா எப்பிடி, எங்க லட்சணத்தையும் கொஞ்சம் பாப்போம். உங்க சட்டத்துலயே தெளிவா எழுதி வச்சிருக்கான், எந்த ஸ்டேஷனுக்கும் எந்த ஃப்ரீக்வென்சியும் தனிச் சொத்து கெடையாதுன்னு. கூடிப் பேசி ஒத்துப் போகணும்னும் எழுதியிருக்கான். ஆனா காலையில ஏழு மெகாஹெர்ட்ஸத் தெறந்து பாரு. "இது எங்க நெட்டு ஃப்ரீக்வென்சி, முப்பது வருசமா இங்கதான் கூடுறோம், கொஞ்சம் தள்ளிக்கங்க"ன்னு ஒரு பெரியவர் பட்டா காட்டுவார். தள்ளி உக்காந்தவன் அங்க என்ன பேசுறாங்கன்னு கேட்டா, ஒருத்தருக்குச் சக்கரை 210, இன்னொருத்தருக்கு 180, நடுவுல ஏரியல் உயரம். ஒரு மணி நேரம். அதுல நானும் உண்டு. எனக்கு 165.

அக்டோபர் கடைசியிலயும் நவம்பர் கடைசியிலயும் சனி ஞாயிறு கேட்டுப் பாரு, காண்டெஸ்ட். 48 மணி நேரம். "ஃபைவ் நைன், ஃபைவ் நைன்"னு ஒலகமே ஒருத்தர் தலையில ஒருத்தர் ஏறி நிக்கும். காலியான்னு எவனும் கேக்க மாட்டான். கேக்குறதுக்குள்ள எடம் போயிரும். அதுல எந்திரம் ஒண்ணுகூடக் கெடையாது. எல்லாம் ரத்தமும் சதையுமான மனுசப் பயலுக. அப்புறம் எஃப்டி8னு ஒண்ணு. 1993ல பௌதிகத்துக்கு நோபல் பரிசு வாங்கின ஜோ டெய்லர் இன்னொருத்தரோட சேந்து 2017ல கொண்டாந்தது. 15 செகண்டுக்கு ஒரு முறை, 50 ஹெர்ட்ஸ்ல அடங்கிரும், 14.074ல குருவிக் கூட்டமாக் கெடக்கும். பேரும் பொழப்பும் நல்லதுதான். ஆனா அதுல ஒக்காந்திருக்க நம்ம ஆளுகளைப் பாரு: கம்ப்யூட்டரே கூப்பிடுது, கம்ப்யூட்டரே பதில் சொல்லுது, இவரு வடை தின்னுக்கிட்டு நடுவுல ஒரு தடவை மவுஸை அமுக்குறாரு. அப்பிடி அமுக்கிட்டு, "ஆளில்லாத பெட்டி அக்கிரமம்"னு உன்னப் பத்தி மொட்டைக் கடுதாசி எழுதுறாரு.

பெட்டி வேண்டாம்னும் என்னால சொல்ல முடியாது. 2004 டிசம்பர்ல பாரதி பிரசாத்ங்கிற அம்மா ஹாம்காரங்களைக் கூட்டிக்கிட்டு அந்தமானுக்குப் போயிருந்தாங்க. அங்க இருந்து பேசுறதே எங்களுக்குத் திருவிழா. 26ஆம் தேதி கடல் வந்துச்சு. போர்ட் பிளேர்ல மத்ததெல்லாம் அறுந்து கெடக்கப்ப, அந்தத் திருவிழா செட்டுதான் பேசுச்சு. "எங்க ஆளு உயிரோட இருக்காரா"ங்கிற கேள்வியும் பதிலும் ராப்பகலாப் போச்சு. அது வாய்ச்சொல்லு, காதால கேட்டுக் கையால எழுதுனது. ஆனா நூறு பேரு பட்டியல், மருந்துப் பேரு, எத்தனை மில்லிகிராம், எந்த முகாம்னு அனுப்பணும்னா, குரல்ல சொல்லி எழுதுறவன் ஒரு பூஜ்யத்தை விட்டா ஒரு உசிரு போகும். அங்க உன் பெட்டிதான் சரி. ஒரு எழுத்து கெட்டாலும் மறுபடி கேட்டு வாங்கும் பாரு, என்னை நாய்க்கதை கேக்க விடாம அடிச்ச அதே பிடிவாதம், அன்னைக்கு உசிரைக் காப்பாத்தும். 2005ல கத்ரீனா புயலப்பவும் வின்லிங்க் அப்பிடி ஓடியிருக்கு.

நீ இப்ப என்ன சொல்லப் போறன்னு தெரியும். "காது இருக்கு தாத்தா, சாஃப்ட்வேர்ல இருக்கு. சேனல் பிஸியான்னு பாக்கச் சொல்ற டிக் மார்க் ஒண்ணு இருக்கு. போட்டு வச்சா பாதி நேரம் பெட்டி பதிலே சொல்ல மாட்டேங்குது. இடி இடிச்சா பிஸி, பக்கத்து வீட்டு எல்இடி பல்பு எரைஞ்சா பிஸி. போதாக்குறைக்கு எவனாவது விளையாட்டுக்காரன் கீயை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டான்னா அன்னைக்கு பூரா பிஸி." உண்மைதான். நான் எளவட்டமா இருந்தா அந்த விளையாட்டை வெளையாடியிருப்பேன். வெளையாடியிருக்கேனான்னு கேக்காத.

ஆனா அந்த டிக்கை எடுத்துவிட்டது நீதான? போட்டுவிடு. இன்னைக்கு ஒரு ராத்திரி. தாத்தாவுக்காக.

போட்டுட்டியா? இங்கனருந்தே போட முடியுதா? பாரேன், கெழக்குப் பங்காளி உனக்குத் தூரத்துச் சொந்தமாத்தான் இருப்பான்.

என்ன, மூஞ்சி மாறுது? படகுக்காரன் கூப்பிடுதானா? பெட்டி "பிஸி"ங்குதா? எத்தனை தடவை கூப்பிட்டுட்டான்? மூணா. அங்க இப்ப காலையில என்ன, எட்டரை மணி இருக்குமா. யாருடா அந்த நேரத்துல... இரு, டெக்சாஸ் பக்கம் எவனாவது இன்டர்நெட்டுல ரிசீவரைத் தெறந்து வச்சிருப்பான்ல, அதுல அந்த ஃப்ரீக்வென்சியப் போடு. சத்தத்தக் கூட்டு.

ஆங்... மோர்ஸ். ரெண்டு பேரு. நல்ல கை, பழைய கை. மெதுவாப் போடுதான். இரு, சொல்லாத, கேக்கட்டும். "முழங்கால்"... "டாக்டர்"... "கத்தி வைக்க வேண்டாம்னுட்டார்". அடப்பாவி, எனக்குச் சொன்னது மாதிரியே. இன்னொருத்தன் கேக்கான், எந்த எண்ணெய் தேய்க்கன்னு. இல்ல, எண்ணெய் இல்ல, அது வேற என்னமோ. "தக்காளி நாத்து"ங்கான். முழங்கால்ல இருந்து தக்காளிக்கு எப்பிடிடா போனீங்க?

எவ்வளவு நேரமா ஓடுதாம், உன் கணக்குல? அம்பது நிமிசமா!

டிக்கை எடுத்துரவான்னு என்னைக் கேக்காத பேராண்டி. கையை எடு. இந்தா, 73 போட்டுட்டான். முடிஞ்சிருச்சு. 73ன்னா வாரேன், நல்லாருங்கன்னு... பாத்தியா, அவனும் 73. இப்ப எடம் காலியாயிரும்.

ஆகல. "ஒரு விசயம் மறந்துட்டேன்"ங்கான். நம்ம வீட்டுல வாசல்ல செருப்பைப் போட்டுக்கிட்டு நிப்பாங்கல்ல, "அப்ப வாரேன்"னுட்டு அரை மணி நேரம், அந்த மாதிரி. தக்காளிக்கு வேலி போட்டியான்னு கேக்கான். போடலையாம். முயல் வருதாம். படகுக்காரன் திரும்பவும் கூப்பிடுதானா? அவன் எங்க போயிரப் போறான், கடல்லதான இருக்கான்.

73. ரெண்டாவது. மறுபடியும் பொஞ்சாதிக்கு விசாரிப்பு.

எனக்கு மூணு மாசம் முந்தி இதே கதைதான், ஒரு மதுரைக்காரரோட. நாலு 73 போட்டோம். எத்தனை படகு காத்துக் கெடந்துச்சோ.

இந்தா. டிட் டிட். அவனும் டிட் டிட். அதுதான் கடைசி, அதுக்கு மேல யாரும் பேச மாட்டாங்க. சத்தத்தக் குறைக்காத. ஒரு நிமிசம் இரு.

டர்ர்ர்ர்... டிக். டர்ர்ர்ர்... டிக்.

வந்துட்டான் உன் ஆளு. நல்லாத்தான் வாங்குது பெட்டி. ஏலே, அவன் கடுதாசியில நாய் பத்தி ஏதாவது எழுதியிருக்கானான்னு பாரு.